செய்யூர்ச் சாலையில் இரண்டு புல்லட்டுகள்

ஷோரூமில் தரும் டெஸ்ட் ரைடு எங்கேயும் ஒரே மாதிரிதான். லைசென்ஸை போனில் படம் பிடித்துக்கொள்வார்கள், ஒரு ஹெல்மெட்டை நீட்டுவார்கள், சர்வீஸ் ரோட்டில் அடுத்த யு-டர்ன் வரை போய் வரச் சொல்வார்கள். மூன்றாவது கியர் விழுவதற்குள் திரும்பும் இடம் வந்துவிடும். இறங்கியதும் ‘எப்படி சார் இருக்கு?’ என்ற கேள்வி. ‘நல்லா இருக்கு’ என்பதைத் தவிர அதற்கு வேறு என்ன சொல்ல முடியும்? சந்தையில் கத்தரிக்காயைக்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறோம். ஏறக்குறைய இரண்டு லட்சம் ரூபாய் கொடுத்து, பத்துப் பதினைந்து வருஷம் வைத்துக்கொள்ளப்போகிற வண்டியை ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்துவிடுகிறோம்.

செய்யூர்க்காரன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஒரு மோட்டார் சைக்கிளின் குணத்தைப் பார்க்க எங்கள் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. மேல்மருவத்தூரிலிருந்து சித்தாமூர் வழியாக வரும் சாலை, செய்யூர் – வந்தவாசி – போளூர் நெடுஞ்சாலையின் ஒரு பகுதி. அகலமாக்கப்பட்டு நீளமாக ஓடுகிறது. ஊருக்குள் நுழைந்தால் கந்தசாமி கோயில் பக்கத்துத் தெருக்களும் கடைவீதியும் முதல் கியரைத் தாண்ட விடாது. ஏரிக்கரைச் சாலைகளில் பள்ளமும் திடீர் வேகத்தடையும். அறுப்பு முடிந்த மாதங்களில் பாதிச் சாலையில் நெல் காயும். கிழக்கே போனால் உப்பளம், அதைத் தாண்டினால் ஓதியூர் ஏரி, பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையும் கடல் காற்றும். ஒரு வண்டி சந்திக்கவேண்டிய அத்தனையும் ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

அதனால் ஷோரூமில் அரை நாள் கேட்டேன். மேனேஜர் யோசித்தார், பிறகு ஒரு நிபந்தனை வைத்தார்: அவர்கள் ஆள் ஒருவர் கூடவே வரவேண்டும். வந்த தம்பிக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். பழைய புல்லட்டை எதிரே நின்று பார்த்திருக்கிறார், தொட்டதில்லை. அவர் புதியதை ஓட்டிக்கொண்டு முன்னே செல்ல, நான் என்னுடையதில் பின்னே போவது. ஊர் எல்லையில் நான் புதியதற்கு மாறுவது என்று பேச்சு.

என்னிடம் இருப்பது 1980-களின் கடைசியில் திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350. வார்ப்பிரும்பு எஞ்சின், வலது காலில் கியர், இடது காலில் பிரேக், நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். எதிரே நின்றது 2023 செப்டம்பரில் அறிமுகமான புல்லட் 350, மெரூன் நிறம். பெயர் ஒன்று, உருவம் ஒன்று, டேங்க்கின் தங்கக் கோடுகூட ஒன்றுதான். அந்தக் கோட்டை இன்றைக்கும் தூரிகை பிடித்துக் கையால்தான் இழுக்கிறார்கள் என்று பலருக்குத் தெரியாது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வளர்ந்த கைவேலை அது.

பக்கத்து மாவட்டத்து வண்டி

புல்லட்டைப் பஞ்சாப் வண்டி என்றும் ராணுவ வண்டி என்றும் வடக்கே சொந்தம் கொண்டாடுவார்கள். அது நம் மண்ணின் வண்டி. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில், ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தில் 1932-ல் பிறந்த பெயர் அது. 1949-ல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் அதை இறக்குமதி செய்யத் தொடங்கியது. எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா உருவாகி, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு ஒவ்வொன்றாக இங்கேயே செய்யத் தொடங்கி, 1960-களின் தொடக்கத்தில் முழு வண்டியும் சென்னையில் தயாரானது. தாய் நிறுவனம் 1970-ல் இங்கிலாந்தில் மூடப்பட்டபோது புல்லட் சாகவில்லை, காரணம் திருவொற்றியூர். 1977-ல் அதே வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

1994-ல் என்ஃபீல்டு இந்தியா ஐஷர் குழுமத்தின் கைக்குப் போனது. 2013-ல் ஒரகடத்திலும், பிறகு வல்லம் வடகாலிலும் புதிய தொழிற்சாலைகள் வந்தன. இரண்டும் காஞ்சிபுரம் மாவட்டம். செய்யூரிலிருந்து செங்கல்பட்டு, சிங்கப்பெருமாள் கோவில் வழியாகப் போனால் இரண்டு மணி நேரத்தில் எட்டிவிடலாம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகாலையில் கம்பெனி பஸ் பிடித்து அந்தத் தொழிற்பேட்டைகளுக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அவர்களே மாதத் தவணை போட்டு வாங்க ஆசைப்படுகிற வண்டியும் இதுதான்.

இரண்டே குதிரைத்திறன்

இரண்டு வண்டியின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதலில் ஒரு ஆச்சரியம். பழையது 346 சிசி, 18 குதிரைத்திறன். புதியது 349 சிசி, 20.2 குதிரைத்திறன். ஒரு தலைமுறைக்கு மேல் இடைவெளி, கூடியது இரண்டு குதிரைத்திறன். எடையோ 195 கிலோ, பழையதைவிட நன்றாகவே கூடுதல். தாளில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றும்.

எஞ்சினைத் திறந்தால்தான் கதை வேறு. பழைய சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. ஒடுக்கமான நீண்ட குழாய், கனத்த ஃப்ளைவீல். அதனால்தான் அந்த நிதானமான அடி, ஒவ்வொன்றாக எண்ணலாம் போன்ற துடிப்பு. எஞ்சின் ஒரு பெட்டி, கியர்பாக்ஸ் இன்னொரு பெட்டி, நடுவில் பிரைமரி செயின் ஓடும் மூன்றாவது பெட்டி. எல்லாம் போல்ட்டில் சேர்ந்து நிற்கும். சேரும் இடம் அதிகம் என்பதால் ஆயில் கசிவதும் அந்தக் கால எஞ்சின்களுக்கு இயல்பு. வண்டிக்குக் கீழே ஒரு அட்டையைப் போட்டு நிறுத்தாத பழைய புல்லட்காரர் யார்?

புதிய எஞ்சினில் விட்டம் 72, தூரம் 85.8. துடிப்பு வேண்டும் என்பதற்காகவே நீளத்தைப் பெரிதாகக் குறைக்காமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லாம் ஒரே கூட்டுக்குள் அடங்கிவிட்டது. உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் ஒன்று இருக்கிறது: பிஸ்டன் ஒரு பக்கம் இழுக்கும்போது, எதிர்ப்பக்கம் சுழன்று அதைச் சமன் செய்யும் எடைத்தண்டு. கார்புரேட்டர் போய் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்தாயிற்று. கியர் ஐந்து. 2020-ல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியாரில் வந்து, 2021-ல் கிளாசிக்குக்கும் 2022-ல் ஹன்டருக்கும் பொருந்திய அதே எஞ்சின்தான் கடைசியில் புல்லட்டுக்கு வந்து சேர்ந்தது.

முள் நடுவுக்கு வரும் கணம்

காலையில் என் வண்டியை எடுப்பதை அந்தத் தம்பி பக்கத்தில் நின்று பார்த்தார். பெட்ரோல் குழாயைத் திற. சாவியைத் திருப்பு. ஹெட்லைட் கூட்டில் இருக்கும் சின்ன ஆம்பியர் மீட்டரில் முள் இடப்பக்கம் சாயும். பொறிக்கான மின்சுற்றைத் திறந்து மூடும் பாயிண்ட் மூடியிருக்கிறது, மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். இப்போது இடது கையில் டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மெல்ல, மிக மெல்ல அழுத்தவேண்டும். சிலிண்டரிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று காற்று போகும். ஓர் இடத்தில் முள் சட்டென்று நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சியைத் தொட்டுவிட்டது. லீவரை விடு, கிக்கரை மேலே வர விடு, பிறகு முழு எடையையும் போட்டு ஒரே உதை. சரியாகச் செய்தால் ஒரே உதையில் எடுக்கும். தவறினால் கிக்கர் எதிர்த்து அடிக்கும். கணுக்காலில் அந்த அடி வாங்கியவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

‘இவ்ளோ இருக்கா சார்?’ என்றார் தம்பி. அவர் வண்டியில் கிக்கரே இல்லை. பட்டனை அழுத்தினார், எடுத்துக்கொண்டது. மார்கழிப் பனியிலும் அப்படித்தான் எடுக்கும், வெளியூர் போய்ப் பத்து நாள் கழித்து வந்தாலும் பேட்டரி நன்றாக இருந்தால் அப்படித்தான் எடுக்கும். பேட்டரி இறங்கிவிட்டால்? பழையதில் கால் இருக்கிறது. புதியதில் 195 கிலோவைத் தள்ளிப் பார்க்கவேண்டும், இல்லை அடுத்தவரைக் கூப்பிடவேண்டும். கிக்கரை எடுத்தது எனக்குச் சம்மதமில்லை. ஊர் ஒதுக்குப்புறத்தில் இரவு நேரத்தில் வண்டி நின்றால் என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தவர்கள் அதை எடுத்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

கால் மறக்கவேண்டியது

பழைய புல்லட் வைத்திருப்பவர் புதிய வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது முதல் எச்சரிக்கை கண்ணுக்கோ கைக்கோ அல்ல, காலுக்கு. பழையதில் வலது கால் கியர் போடும்: மேலே தூக்கினால் ஒன்று, கீழே அழுத்த அழுத்த இரண்டு, மூன்று, நான்கு. முதல் கியரைத் தவிர எங்கே இருந்தாலும் நியூட்ரல் ஃபைண்டரைக் குதிகாலால் ஒரு தட்டு தட்டினால் நேராக நியூட்ரல், சிக்னலில் அது பெரிய சுகம். புதியதில் எல்லாம் தலைகீழ். கியர் இடது காலுக்குப் போய்விட்டது, கீழே ஒன்று, மேலே நான்கு. வலது காலுக்குக் கீழே இப்போது பிரேக். கியர் ஏற்ற நினைத்து வலது காலை அழுத்தினால் பின்சக்கரம் பிடித்துக்கொள்ளும். நடுரோட்டில் பின்னால் லாரி வரும்போது இது விளையாட்டில்லை.

அதனால் ஊர் எல்லையில் மாறியவுடன் ஓடவில்லை. ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாக, கியரை ஏற்றி இறக்கி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, காலுக்குச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சாலை ஏறினேன். இரண்டு விதமும் வைத்திருக்கிற எல்லோருக்கும் இதையே சொல்வேன். ஷோரூம் வாசலிலிருந்து நேராக ஜி.எஸ்.டி. சாலையில் ஏறும் டெஸ்ட் ரைடு ஆபத்தானது.

கடைவீதியில் புதிய வண்டி என்னை வியக்கவைத்தது. கனமான வண்டி என்று பயந்தேன். கிளட்ச் இலகு, முதல் கியரில் நடக்கும் வேகத்தில் இருமாமல் ஊர்கிறது. ஆட்டோ குறுக்கே வந்தாலும், பூ விற்கும் அம்மா தட்டோடு கடந்தாலும் எஞ்சின் அணையவில்லை. பழையதில் அந்த வேகத்தில் போக கிளட்சை விரலில் பாதி பிடித்து, காதில் எஞ்சினைக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். ஏரிக்கரைச் சாலையின் வேகத்தடையிலும் வித்தியாசம் தெரிந்தது. இப்போதைய சட்டகத்தின் உறுதி வேறு. அதன் உருவாக்கத்தில் பங்கெடுத்தது, 2015-ல் ராயல் என்ஃபீல்டு வாங்கிய பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ், பந்தய வண்டிகளுக்குச் சட்டகம் செய்து பேர் வாங்கிய நிறுவனம். வளைவில் சாய்க்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே பேச்சைப் பேசுகின்றன. ஆனால் பின் ஸ்பிரிங் சற்று விறைப்பு. பள்ளம் விழுந்த சாலையில் இடுப்பு அதை உணர்கிறது.

உப்பளத்துச் சாலையில் மாற்றிக்கொண்டோம்

ஊர் எல்லையில் விட்டிருந்த என் வண்டியை மறுபடி எடுத்துக்கொண்டேன். உப்பளத்தை ஒட்டிய சாலையில் வண்டிப் போக்குவரத்து குறைவு. ‘ஓட்டிப் பாக்குறியா தம்பி?’ என்றேன். முகம் மலர்ந்தது. கியரையும் பிரேக்கையும் இரண்டு மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். ஆம்பியர் மீட்டரைப் பார்த்து கிக்கரை இறக்கினார். முதல் உதை வீண். இரண்டாவதில் எடுத்தது. அந்த டுப்-டுப் சத்தம் கேட்டதும் அவரை அறியாமல் ஒரு சிரிப்பு. ‘சார்’ போய் ‘அண்ணா’ வந்துவிட்டது.

மெதுவாகப் போய்த் திரும்பி வந்தவரிடம் என்ன தெரிந்தது என்று கேட்டேன். ‘எல்லாமே கைக்குத் தெரியுதுண்ணா. வண்டி என்ன பண்ணுதுன்னு நமக்குச் சொல்லிக்கிட்டே இருக்கு. ஆனா பிரேக் பிடிச்சா நிக்குமான்னு பயமா இருக்கு’ என்றார். ஆயிரம் பேர் எழுதிய ஒப்பீட்டைவிட அந்தப் பதில் சரியானது.

அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பழைய டிரம் பிரேக் நல்ல நிலையில் இருந்தாலும் முன்கூட்டியே யோசித்துப் பிடிக்கவேண்டிய பிரேக். புதியதில் முன்னால் 300 மில்லிமீட்டர் டிஸ்க், பின்னால் 270, இரண்டுக்கும் ஏபிஎஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்த கணத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் அந்த ஏற்பாடு, 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து கட்டாயம். சாலையோரம் மணல் படிந்திருந்த இடத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வேண்டுமென்றே அழுத்திப் பிடித்தேன். லீவரில் ஒரு படபடப்பு தெரிந்தது, வண்டி நேராக நின்றது. நெல் காயும் சாலையில், உப்பு லாரி சிந்திய ஈரத்தில், மழைக்கால முதல் தூறலில் இதே இடத்தில் எத்தனை பேர் விழுந்து எழுந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். கூடிய இரண்டு குதிரைத்திறனைப் பற்றி எனக்கு அக்கறையில்லை. இந்தப் பிரேக்குக்காகவே புதிய வண்டியை வாங்கலாம்.

கடற்கரைச் சாலையில்

முதலியார்குப்பம் படகுக் குழாமைத் தாண்டி, ஓதியூர் ஏரியின் மேல் சாலை போகும் இடத்தில் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மாமல்லபுரத்திலிருந்து முகையூர்ப் பக்கம் வரை இந்தச் சாலையை நால்வழியாக்கும் வேலை எடுக்கப்பட்டதிலிருந்து லாரிப் போக்குவரத்தும் கூடிவிட்டது. இந்த இடத்தில் கனம் நன்மை ஆகிறது. புதிய வண்டி காற்றுக்கு அசைந்து கொடுக்காமல் போனது. அறுபது, எழுபதில் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியின் நம்பரைப் படிக்க முடிகிறது. பழையதில் அந்த வேகத்தில் கண்ணாடியில் தெரிவது நிறம் மட்டும்தான், லாரியா பஸ்ஸா என்று ஊகிக்கவேண்டும். கடப்பாக்கத்தில் ஆலம்பரைக் கோட்டைப் பக்கம் நிறுத்தி இறங்கியபோது என் உள்ளங்கையில் மரப்பு இல்லை. அத்தனை தூரம் பழையதில் ஓடி இறங்கினால் டீ கிளாஸைப் பிடிப்பதற்கே சில நிமிஷம் ஆகும்.

சத்தத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். புதியதிலும் துடிப்பு இருக்கிறது, ஆனால் மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பதுபோல் அடங்கியது. உமிழ்வு விதிகளும் சத்த விதிகளும் இறுகிய பிறகு இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிற பழக்கம் எங்கள் பக்கத்திலும் வந்துவிட்டது. அது சட்டப்படி குற்றம் என்பது இருக்கட்டும். பழைய புல்லட்டின் சத்தம் கனமானதே தவிர காதைக் கிழித்ததில்லை. அதைக் கேட்டு வளர்ந்தவன் யாரும் இந்த வெடிச் சத்தத்தை புல்லட் சத்தம் என்று ஒப்புக்கொள்ள மாட்டான்.

டெஸ்ட் ரைடில் எல்லோரும் விட்டுவிடுகிற ஒன்று, பின்னால் உட்காரப்போகிறவர். திரும்பும் வழியில் வீட்டுக்குப் போய் என் மனைவியை ஏற்றிக்கொண்டேன். அவர் ஒருபக்கமாக உட்காருகிறவர், சேலையோடு. கிளாசிக்கில் சீட் இரண்டு துண்டு, பின்சீட் சின்னது. புல்லட்டில் ஒரே நீளச் சீட், அது இங்கே பெரிய நன்மை. ‘அதிர்வே இல்லைங்க, ஆனா ஏறதுக்கு உயரமா இருக்கு’ என்றார். சீட் உயரம் 805 மில்லிமீட்டர். வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போகிற வீடு என்றால் இதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

சிகரெட் தாளும் கம்ப்யூட்டரும்

கடைசியாகப் போன இடம் மெக்கானிக் கடை. எனக்கு அது ஷோரூமைவிட முக்கியம். அறுபதைத் தாண்டிய மனிதர். இந்தப் பக்கத்துப் பழைய புல்லட்டுகளில் பாதி அவர் கைபட்டவை. டைமிங் வைப்பதற்கு அவரிடம் எந்தக் கருவியும் இல்லை. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய தாளைக் கிழித்து பாயிண்டின் இரண்டு முனைக்கும் நடுவில் செருகுவார். ஒரு கையால் தாளை மிக லேசாக இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் எஞ்சினைச் சுற்றுவார். தாள் பிடி விட்டு நழுவும் கணம்தான் பாயிண்ட் திறக்கும் கணம். அங்கே நிறுத்தி, தட்டை ஒரு மயிரிழை திருப்பி, ஸ்க்ரூவை இறுக்குவார். நாற்பது வருஷக் கை அது.

அவர் புதிய வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குனிந்து எஞ்சின் கூட்டைத் தடவினார். ‘நல்லா பண்ணியிருக்கான் தம்பி, ஒரு கசிவு வராது. ஆயில் மாத்துவேன், செயின் இழுத்துக் கட்டுவேன், பிரேக் பேட் போடுவேன். இந்த லைட்டு எரிஞ்சா மட்டும் நான் ஒண்ணும் பண்ண முடியாது’ என்று மீட்டரில் இருக்கும் எஞ்சின் எச்சரிக்கை விளக்கைக் காட்டினார்.

இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் உள்ள பெரிய வேறுபாடு அந்த விளக்குதான் என்று நான் நினைக்கிறேன். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 உமிழ்வு விதி வந்தது. 2023 ஏப்ரலில் அதன் இரண்டாம் கட்டம் வந்து, வண்டி தன் உமிழ்வைத் தானே கண்காணித்துக் கொள்ளவேண்டும் என்றானது. கோளாறு என்றால் விளக்கு எரியும். எந்தக் கோளாறு என்று தெரிந்துகொள்ள அதற்கான கருவியைச் செருகவேண்டும். அந்தக் கருவியும் பயிற்சியும் ஜி.எஸ்.டி. சாலையோர சர்வீஸ் சென்டரில் இருக்கிறது, செய்யூர்க் கடைத்தெருவில் இல்லை. காற்று சுத்தமாவதற்காக வந்த விதி, அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அந்த விதியோடு சேர்ந்து ஒரு ஊரின் கைத்திறன் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடக் கூடாது. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் தொடங்கி, அதில் வாகனங்களையும் சேர்த்தது. கையேடும் உதிரிபாக விவரமும் எல்லோருக்கும் கிடைக்கவேண்டும் என்பது அதன் நோக்கம். அது நல்ல தொடக்கம். ஆனால் கோளாறு படிக்கும் கருவி நியாயமான விலைக்கு எங்கள் மெக்கானிக் கைக்கு வரவேண்டும், அதைப் படிக்கத் தமிழில் பயிற்சியும் வேண்டும். ஒரகடத்திலும் வல்லத்திலும் வண்டி செய்கிற மாநிலத்தில் இதைக் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல.

பழையதை வைத்திருப்பதும் இப்போது எளிதில்லை. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எங்கள் கடலோரக் காற்றில் டேங்க்கில் பெட்ரோலை வைத்து வாரக்கணக்கில் நிறுத்துவது நல்லதல்ல. பழைய ரப்பர் குழாய்களும் வாஷர்களும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல என்பதால் மெக்கானிக் அண்ணன் என் வண்டியின் பெட்ரோல் குழாயை மாற்றிவிட்டார். கார்புரேட்டரை அடிக்கடி கழற்றிப் பார்க்கச் சொல்கிறார். பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டிக்குப் பதிவை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும், பசுமை வரி உண்டு. இருபது ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-ல் 2,000 ரூபாயாக உயர்ந்தது. உப்புக் காற்று வேறு. அது எந்த வண்டிக்கும் எதிரிதான்: ஸ்போக்கிலும், குரோம் பூச்சு உள்ள இடத்திலும் துரு முதலில் பிடிக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுவதுதான் வழி. புதிய வண்டிக்கும் இதில் விலக்கு இல்லை.

யாருக்கு எது

தினமும் செய்யூரிலிருந்து மதுராந்தகமோ செங்கல்பட்டோ போய்வருகிறவர், ஷிஃப்ட் முடிந்து இரவில் திரும்புகிற பிள்ளை, குடும்பத்தோடு போகிறவர், இவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், புதியதுதான். அறிமுகமானபோது தொடக்க விலை ஷோரூம் கணக்கில் சுமார் 1.74 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இந்த 349 சிசி வண்டியும் பயனடைந்தது. ஆனால் விலை குறைந்த மிலிட்டரி மாடலைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். அறிமுகமானபோது அதற்குப் பின்சக்கரத்தில் டிரம் பிரேக், ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டும். எந்த மாடலாக இருந்தாலும் இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ் உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்குமேல் ஆகும் பணத்தைப் போடுங்கள். நிறத்துக்கும் அலங்காரத்துக்கும் போடுகிற பணத்தை அங்கே போடலாம்.

பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி வாங்கலாமா என்று கேட்கிற இளைஞர்களும் உண்டு. பக்கத்தில் கைதேர்ந்த மெக்கானிக் இருந்தால், வாரத்தில் ஒருநாள் வண்டிக்கென்று ஒதுக்க முடிந்தால் வாங்குங்கள். ஒரு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை உங்கள் காலும் கையும் கற்றுக்கொள்ளும், அது எந்தப் படிப்புக்கும் குறைந்ததல்ல. தினசரிப் பாட்டுக்கு அதை நம்பாதீர்கள்.

சாயங்காலம் வண்டியை ஒப்படைத்தபோது மேனேஜர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். இரட்டை ஏபிஎஸ் மாடலுக்கு, மெரூன் நிறத்தில், பதிவுச் செலவும் இன்சூரன்ஸும் சேர்த்து எழுத்தில் கணக்குப் போட்டுத் தரச் சொன்னேன். செங்கல்பட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் என் மகளுக்கு அது. உயரம் அவளுக்கு ஒத்துவருமா என்று பார்க்க அவளையே ஒருநாள் அழைத்து வருகிறேன், அன்றைக்கும் வண்டி அரை நாள் வேண்டும் என்றேன். கூட வந்த தம்பி, ‘நானே வரேன் சார்’ என்று மேனேஜரிடம் முந்திக்கொண்டு சொன்னார். என் பழைய வண்டி விற்பனைக்கு இல்லை. அதன் பதிவை அடுத்த ஐந்து ஆண்டுக்குப் புதுப்பிக்க மனு எழுதி வைத்திருக்கிறேன்.